கிரெனிட் கிண்ணத்தை அடையாளம் கண்டு வாங்கிப் பேணுவது எப்படி

1953-ஆம் ஆண்டு டென்மார்க்கில் ஹெர்பர்ட் கிரெங்கெல் வடிவமைத்த கிரெனிட் கிண்ணம் பார்வைக்கு உலோகக் கிண்ணம்; புழக்கத்தில் அது கண்ணாடிக் கிண்ணம். வெளியே மங்கலான கறுப்பும் உள்ளே பளபளக்கும் ஒற்றை நிறமுமாகத் தோன்றும் அதன் மேற்பரப்பு, எஃகுத் தகட்டின்மீது சூளையில் உருக்கிப் படியவைத்த எனாமல், அதாவது கண்ணாடிப் படலம். இந்த ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டால், எதை வாங்கலாம், எங்கே வைக்கலாம், எதைக்கொண்டு கழுவலாம் என்ற கேள்விகளில் பாதிக்கு விடை தானாகவே கிடைத்துவிடும். கெட்டுப்போன கிரெனிட் கிண்ணங்களாக நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை பழமையால் கெட்டவை அல்ல. 'இரும்புதானே, என்ன ஆகிவிடப்போகிறது' என்று எண்ணிய கைகளால் கெட்டவை.

கிரெங்கெல் வெள்ளிக்கொல்லரும் அல்லர், குயவரும் அல்லர். 1922-இல் பிறந்த அவர் ஒரு பொறியாளர். கட்டுமானப் பொருட்களின் வலிமையை ஆராய்வதே அவருடைய முதன்மையான தொழில். இழைகள் கலந்த பொருளொன்றில் அந்த இழைகள் எந்தத் திசையில் கிடக்கின்றன என்பதைப் பொறுத்து அவை எவ்வளவு வலிமை சேர்க்கும் என்று கணக்கிட உதவும் எண் ஒன்று, இன்றும் பொறியியல் நூல்களில் அவர் பெயராலேயே வழங்குகிறது. கிண்ணத்தின் பெயரும் இந்தப் பின்னணியிலிருந்தே வந்தது: தம் பெயரின் முற்பகுதியை, இழையும் சிமெண்டும் சேர்ந்த 'எட்டர்னிட்' பலகையின் பெயரோடு இணைத்து அவர் 'கிரெனிட்' என்று வைத்தார். டோர்பென் ஓர்ஸ்கோவின் நிறுவனம் அதைத் தயாரித்தது. 1954-இல் மிலான் திரியென்னாலே கண்காட்சியில் அது தங்கப் பதக்கம் பெற்றது. பின்னர் நெடுங்காலம் தயாரிப்பில் இல்லாதிருந்த அதை 2008-இல் நார்மன் கோபன்ஹேகன் நிறுவனம் மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆகவே இன்று வாங்க நினைப்பவர் முன்னால் இரண்டு வகைகள் உள்ளன: 1950-களைச் சேர்ந்த பழைய கிண்ணம், 2008-க்குப் பிந்தைய மறுபதிப்பு. இரண்டையும் பேணும் முறை ஒன்றே. வாங்கும் முறைதான் வேறு.

பொருளின் உள்ளமைப்பைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் அறிவுரைகளெல்லாம் அதிலிருந்தே பிறக்கின்றன. ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகட்டைச் சூடாக்காமல் அச்சில் அழுத்திக் கிண்ண வடிவம் கொடுக்கிறார்கள். அதன்மேல், நிறமூட்டும் உலோக ஆக்சைடுகள் சேர்ந்த நுண்ணிய கண்ணாடித் தூளைப் பூசி, சுமார் 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடுகிறார்கள். தூள் உருகி எஃகோடு பிணைந்து ஒரே படலமாகிவிடுகிறது. கிண்ணம் ஆறும்போது எஃகு கண்ணாடியைவிடச் சற்று அதிகமாகச் சுருங்குவதால், மேலே உள்ள படலம் எப்போதும் இறுக்கி அழுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கிறது. அழுத்தத்தைத் தாங்குவதில் கண்ணாடி மிக வலியது என்பதால்தான் எனாமல் பாத்திரங்கள் பல்லாண்டுகள் நீடிக்கின்றன. ஆனால் விளிம்பு போன்ற கூர்ந்த வளைவுகளில் இதே அழுத்தம் படலத்தை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. அங்கே படலமும் மெல்லியதாகவே நிற்கிறது. கிரெனிட் கிண்ணத்தின் அழகே அதன் கத்தி போன்ற மெல்லிய விளிம்புதான். அதன் முதல் பலவீனமும் அதுவே.

வாங்கும் முன் சரிபார்த்தல்

முதலில், கையில் இருப்பது கிரெனிட்தானா என்று உறுதி செய்யுங்கள். அதே காலத்தில் வட ஐரோப்பாவில் எனாமல் கிண்ணங்கள் பல இடங்களில் தயாராகின. விற்பவர்கள் அறிந்தோ அறியாமலோ எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடுக்கிவிடுவது உண்டு. பின்லாந்தின் 'ஃபினெல்' என்ற வணிகப் பெயரில் வடிவமைப்பாளர் காய் ஃப்ராங்க் உருவாக்கிய கிண்ணங்கள் பொதுவாக உள்ளும் புறமும் பளபளப்பானவை. தாமரை இதழ் போன்ற இலைகள் வரிசையாக அமைந்திருந்தால் அது நார்வேயின் கேத்ரீன்ஹோம் பாத்திரம். மூடியின் மேல் சிலுவை வடிவப் பிடி இருந்தால், அது யென்ஸ் குவிஸ்ட்கோர் டான்ஸ்க் நிறுவனத்துக்காக வடிவமைத்த கோபென்ஸ்டைல் சமையல் பாத்திரம். அந்த மூடியைச் சூடான பாத்திரத்துக்கு அடியில் வைக்கும் தாங்கியாகவும் பயன்படுத்தலாம் என்பது அதன் தனிச்சிறப்பு. கிரெனிட் கிண்ணத்திலோ பிடியும் இல்லை, மூடியும் இல்லை, தனியாக ஒட்டிய அடிப்பீடமும் இல்லை, சித்திரமும் இல்லை. சிறிய தட்டையான அடியிலிருந்து சுவர் ஒரே மூச்சில் விரிந்து எழுந்து மெல்லிய விளிம்பில் முடிகிறது. வெளியே ஒளியை உறிஞ்சும் கறுப்பு. உள்ளே வெள்ளை, மஞ்சள், சிவப்பு, டர்க்கைஸ் நீலம் போன்ற ஏதாவது ஒரு நிறம்.

அடுத்து அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள். அங்கே உள்ள எழுத்துகளைப் படித்து, அது ஓர்ஸ்கோவ் காலத்தின் பொருளா மறுபதிப்பா என்பதை விற்பவரின் கூற்றோடு ஒப்பிடுங்கள். எழுத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. கிண்ணம் கடந்துவந்த காலம் அதன் அடியிலும் தெரிய வேண்டும். அறுபது எழுபது ஆண்டுகள் மேசைகளில் நகர்ந்த கிண்ணத்தின் அடியில், தரையைத் தொடும் வட்டத்தில் மட்டும் பல திசைகளிலும் ஓடும் நுண்ணிய தேய்மானம் இருக்கும். தேய்மானம் ஒரே திசையில், ஒரே ஆழத்தில், தரையைத் தொடாத இடங்களிலும் இருந்தால், யாரோ உப்புத்தாளைக்கொண்டு பழமை ஏற்றியிருக்கிறார்கள் என்று ஐயப்படலாம்.

பூச்சைச் சோதிப்பதுதான் இவற்றில் மிக முக்கியமானது. கிண்ணத்தை ஜன்னலருகே கொண்டுசென்று, வெளிச்சம் உட்சுவரின்மேல் பக்கவாட்டில் விழுமாறு மெல்லச் சுழற்றுங்கள். நல்ல எனாமலில் ஜன்னல் சட்டத்தின் பிம்பம் வளைந்தாலும் உடையாமல் ஓடும். பிம்பம் ஓரிடத்தில் மங்கினால், அங்கே அமிலமோ காரமோ கண்ணாடியை அரித்திருக்கிறது. அதை எந்தப் பொருளாலும் மீண்டும் பளபளப்பாக்க முடியாது. பிம்பம் ஓரிடத்தில் ஆரஞ்சுப் பழத் தோல்போல் நெளிந்தால், அங்கே பின்னர் வண்ணம் அடித்திருக்கக்கூடும். ஐயம் வந்தால், விற்பவரின் இசைவைப் பெற்று, அசிட்டோனில் நனைத்த பஞ்சுக்குச்சியால் அந்த இடத்தின் ஓரத்தை ஒரு முறை தொட்டுப் பாருங்கள். உண்மையான எனாமலை அசிட்டோன் ஒன்றும் செய்யாது. பெரும்பாலான வண்ணப்பூச்சுகள் இளகிப் பஞ்சில் நிறம் ஏறும். புற ஊதாக் கைவிளக்கு வைத்திருப்பவர்கள் இருட்டில் அதை அடித்துப் பார்க்கலாம். பின்னால் சேர்த்த பிசினும் வண்ணமும் சுற்றியுள்ள கண்ணாடியிலிருந்து வேறுபட்டு ஒளிர்வது பல நேரங்களில் தெரியும்.

பிறகு விளிம்பு. கண்ணால் பார்ப்பதற்கு முன் விரலால் பாருங்கள்: ஆள்காட்டி விரலின் நுனியை விளிம்பின்மீது மிக மெதுவாக ஒரு சுற்று ஓட்டினால், கண்ணுக்குத் தப்பிய சில்லு விரலுக்குத் தட்டும். பெயர்ந்த இடம் கூராக இருக்கும் என்பதால் அழுத்தாமல் ஓட்ட வேண்டும். விளிம்பில் ஓரிரு ஊசிமுனைச் சில்லுகள் இருப்பதை நான் குறையாகக் கருதுவதில்லை. இத்தனை மெல்லிய விளிம்பு இத்தனை ஆண்டுகள் புழங்கியும் முழுமையாக இருந்தால்தான் ஒருகணம் யோசிக்க வேண்டும். உட்சுவரின் நடுவில், நிறப் பரப்பின் மத்தியில் உள்ள சில்லு வேறு விஷயம். ஒரே நிறத்தில் ஓடும் வழவழப்பான குழியில் அரிசி அளவுக் கரும்புள்ளி ஒன்று இருந்தாலும், கண் ஒவ்வொரு முறையும் நேராக அங்கேயே போகும். விலை எவ்வளவு குறைந்தாலும், காட்சிக்கு வைப்பதற்காக அத்தகைய கிண்ணத்தை வாங்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சில்லின் நிறமும் பேசும். கறுப்பாகவோ கருநீலமாகவோ தெரிந்தால் மேற்பூச்சு மட்டும் பெயர்ந்து, எஃகைப் பற்றியிருக்கும் அடிப்பூச்சு இன்னும் காவல் நிற்கக்கூடும். எனாமல் வேலையில் அடிப்பூச்சுக்குப் பொதுவாகக் கோபால்ட் ஆக்சைடைச் சேர்ப்பதால் அதற்கு அந்தக் கருநிறம். பழுப்பாக இருந்தால் எஃகு வெளிப்பட்டுத் துருப்பிடித்துவிட்டது என்று பொருள். பழுப்பு நிறம் சில்லின் எல்லைக்குள் நின்றால் பிரச்சினை சிறியது. சில்லைச் சுற்றியுள்ள எனாமல் மெல்லத் தூக்கிக்கொண்டு, கீழிருந்து துரு தள்ளுவதுபோல் தெரிந்தால் அந்தக் கிண்ணத்தை விட்டுவிடுங்கள். துருவின் பருமன் எஃகைவிட அதிகம், அது படலத்தைத் தொடர்ந்து பெயர்த்துக்கொண்டே போகும்.

காந்தச் சோதனையையும் சிலர் சொல்வார்கள். மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஒட்டினால் உள்ளே இருப்பது எஃகு; அலுமினியத்திலோ செம்பிலோ செய்த போலிகளை இது பிரித்துக் காட்டும். மற்ற எஃகுக் கிண்ணங்களை அது பிரித்துக் காட்டாது என்பதால், முதல் வடிகட்டியாக மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

நேரில் பார்க்க வழியில்லாமல் வாங்குவோர்தான் இன்று அதிகம். கோபன்ஹேகனில் 1948-இல் தொடங்கிய ப்ரூன் ராஸ்முசன் போன்ற ஏல இல்லங்களிலும், பழைய வீட்டுப் பொருட்களை விற்கும் இணையக் கடைகளிலும் கிரெனிட் கிண்ணங்கள் அவ்வப்போது வருகின்றன. டேனிஷ் விற்பனைப் பட்டியல்களில் 'பயன்பாட்டின் தடயங்கள்' என்ற பொருளுள்ள சொல் அடிக்கடி இடம்பெறும். அச்சொல் மெல்லிய கீறலையும் குறிக்கலாம், விளிம்பு முழுவதும் பெயர்ந்த நிலையையும் குறிக்கலாம். ஆகவே விற்பவரிடம் ஐந்து படங்களாவது கேளுங்கள்: மேலிருந்து உட்புறம், ஜன்னல் பிம்பம் தெரியும்படி உட்சுவர், பக்கவாட்டில் விளிம்பு, வெளிப்புறம், அடிப்பகுதி. ஒவ்வொரு சில்லின் பக்கத்திலும் ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுக்கச் சொன்னால் அளவு குறித்த வாதம் பின்னால் எழாது. ஏலத்தில் வாங்கும்போது, கேட்ட விலைக்கு மேல் ஏல இல்லத்தின் கட்டணமும் அனுப்பும் செலவும் சேரும் என்பதை முன்னதாகவே கணக்கிட்டு உங்கள் உச்ச வரம்பை வகுத்துக்கொள்ளுங்கள்.

பழையதா மறுபதிப்பா என்ற தேர்வில் என் கருத்து எளியது. கிண்ணத்தைத் தினமும் புழங்க விரும்புபவர் மறுபதிப்பையே வாங்கட்டும். வடிவமும் பொருளும் அதேதான். சில்லு விழுந்தாலும் ஈடுசெய்ய முடியும். பழைய கிண்ணம், அதன் வயதையும் அந்தக் காலத்துக்கே உரிய நிறத்தையும் விரும்பி வாங்கும் பொருள்.

எங்கே, எந்த உயரத்தில் வைப்பது

கிரெனிட் கிண்ணத்தை அலமாரியின் உயர்ந்த தட்டில் வைத்துவிட்டு, 'கறுப்பாக ஏதோ இருக்கிறது' என்று வருந்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். தவறு கிண்ணத்துடையது அன்று. வெளிப்புறத்தை அடங்கிய கறுப்பாக்கி, நிறம் முழுவதையும் உட்குழியில் ஒளித்துவைத்த பொருள் இது. மேலிருந்து பார்ப்பவருக்கே அது தன்னைக் காட்டும். எனவே கண் மட்டத்துக்குத் தெளிவாகக் கீழே, சாப்பாட்டு மேசையிலோ சோபாவின் முன்னுள்ள தாழ்ந்த மேசையிலோ வைக்க வேண்டும். நடந்து வருபவருக்குத் தொலைவிலிருந்து கறுப்பு வடிவமாகத் தெரிந்து, அருகே வரவர நிறம் பிறைபோல் வளர்ந்து, மேசையை அடையும்போது முழுவட்டமாகத் திறப்பதே இதன் விளையாட்டு. வைத்த பின் வாசற்படியிலிருந்து மேசை வரை ஒருமுறை நடந்து பாருங்கள். இந்த மாற்றம் தெரியவில்லையென்றால் கிண்ணத்தை இன்னும் தாழ்த்துங்கள்.

குழியின் உள்ளே நிறம் அடர்ந்து தெரிவதற்கும் காரணம் உண்டு. விளிம்பருகே விழும் ஒளி ஒரே முறை பட்டுக் கண்ணுக்குத் திரும்புகிறது. அடியில் விழும் ஒளியோ சுவருக்குச் சுவர் பலமுறை தெறித்து, ஒவ்வொரு முறையும் அந்த நிறத்தில் மேலும் தோய்ந்து வெளியே வருகிறது. அதனால்தான் ஒரே பூச்சு மேலே எலுமிச்சை மஞ்சளாகவும் ஆழத்தில் முட்டைக்கரு மஞ்சளாகவும் தெரிகிறது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புக் கிண்ணங்களில் இது மிகத் தெளிவு. கறுப்பு உட்புறம் கொண்ட கிண்ணத்தில் இந்த விளைவு கிடைக்காது; அங்கே நீங்கள் ரசிப்பது பிம்பங்களை மட்டுமே.

இந்த விளைவைப் பெற ஒளி நேர் மேலிருந்து குழிக்குள் இறங்க வேண்டும். டிசம்பர் கடைசியில் பகல் சுமார் ஏழு மணி நேரமே நீடிக்கும் கோபன்ஹேகனில், மேசைக்கு மேல் விளக்கைத் தாழத் தொங்கவிடும் பழக்கம் வேரூன்றியிருப்பது இயல்பே. போல் ஹென்னிங்சன் 1958-இல் வடிவமைத்த பி.எச். 5 விளக்கை, அதன் கீழ்விளிம்பு மேசைப் பரப்பிலிருந்து ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்குமாறு தொங்கவிடுவது வழக்கம். கண்ணைக் கூசச் செய்யாமல் ஒளியைக் கீழே இறக்கும் அத்தகைய விளக்கின் அடியில் வைத்த கிரெனிட் கிண்ணம், தன் நிறத்தைச் சுற்றியிருப்போரின் முகம்வரை மென்மையாகத் திருப்பி அனுப்பும். அந்த விளக்குதான் வேண்டும் என்பதில்லை. பல்பு நேராகக் கண்ணில் படாத எந்தத் தொங்குவிளக்கும் போதும். மறைப்பில்லாத பல்பு மட்டும் வேண்டாம்: பளபளப்பான உட்சுவரில் அதன் பிம்பம் கூரிய வெண்புள்ளியாக விழுந்து நிறத்தைக் கெடுத்துவிடும்.

அளவைப் பொறுத்தவரை, சிறியவற்றைத் தனியாக வைத்தால் மறந்துவைத்த பாத்திரம்போல் தெரியும். பெரிய மேசைக்கு 25 சென்டிமீட்டர் விட்டமுள்ளதோ அதைவிடப் பெரியதோ தேவை. இரண்டு மூன்று நிறங்களைச் சேர்க்க விரும்பினால், அவற்றை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்காமல் இடைவெளி விட்டுக் கூட்டமாக வையுங்கள். அடுக்கினால் கீழ்க்கிண்ணத்தின் உட்புறத்தில் மேல்கிண்ணத்தின் அடி உராயும். தூசி ஒன்று இடையில் சிக்கினாலே அது உப்புத்தாளாகிவிடும். இடப் பற்றாக்குறையால் அடுக்கித்தான் ஆகவேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் இடையில் தடித்த ஃபெல்ட் துணியை விரியுங்கள்.

தேக்கு மேசையின்மேல் வைப்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. எனாமலின் நிறம் கனிம நிறமிகளால் ஆனது என்பதால் வெயிலில் வெளுக்காது. தேக்கு அப்படியல்ல, ஒளி படப்பட அதன் நிறம் மாறும். கிண்ணத்தை ஆறுமாதம் ஒரே இடத்தில் விட்டுவைத்துப் பின்னர் எடுத்தால், கிண்ணம் பழுதின்றி இருக்க, மேசையில் அதன் வட்ட நிழல் பதிந்திருக்கும். எனக்கு நேர்ந்தது இதுவே; அந்த வட்டம் சுற்றுப்புறத்தோடு ஒன்றிப்போக ஓர் ஆண்டுக்கு மேல் ஆனது. சில வாரங்களுக்கு ஒருமுறை கிண்ணத்தைக் கொஞ்சம் நகர்த்திவிடுங்கள். அடியில் ரப்பர் வட்டு ஒட்ட வேண்டாம், சில வகை ரப்பர் மரத்தின் மெருகில் கறை விடும். மெல்லிய ஃபெல்ட் வட்டை ஒட்டாமல் அடியில் போட்டாலே போதும்.

கிண்ணத்துக்குள் எதை வைப்பது என்று கேட்டால், காலியாக விடுங்கள் என்பதே என் முதல் பதில். நிரப்பியே ஆகவேண்டுமென்றால் பைன் காய்கள், நூல் கண்டுகள் போன்ற மென்மையான, உலர்ந்த பொருட்களைத் தேர்ந்தெடுங்கள். வாசலருகே வைத்துச் சாவிக்கொத்தை எறிந்து வைக்கும் கிண்ணமாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். தினம் ஒருமுறை எனாமலைச் சுத்தியலால் தட்டுவதற்கு அது சமம். தண்ணீரும் ஈரமண்ணும் செடியும் வேண்டாம். மெழுகுவர்த்தியை நேரடியாக உள்ளே ஏற்றுவதும் வேண்டாம், ஓரிடம் மட்டும் சூடேறுவதைக் கண்ணாடி விரும்புவதில்லை.

உணவு குறித்துத் தனியாகச் சொல்ல வேண்டும். கிரெங்கெல் இதைச் சமையலறையிலும் மேசையிலும் புழங்குவதற்காகவே செய்தார் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்து எனாமல்களில், குறிப்பாகச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களில், காட்மியம் சேர்ந்த நிறமிகள் பரவலாகப் பயன்பட்டன. ஈயம் கலந்த எனாமல்களும் இருந்தன. ஆய்வகத்தில் சோதிக்காத பழைய கிண்ணத்தில் பழச்சாறு, புளிப்பான கலவை, வெட்டிய பழம் ஆகியவற்றை வைக்கக் கூடாது. கடைகளில் கிடைக்கும் ஈயச் சோதனைக் குச்சி காட்மியத்தைக் காட்டாது என்பதால் அதன் 'இல்லை' என்ற விடையை வைத்து நிம்மதி அடையவும் கூடாது. மறுபதிப்பு வாங்கியவர், அதோடு வரும் பயன்பாட்டுக் குறிப்பு உணவுக்கு எதை அனுமதிக்கிறதோ அதை மட்டும் செய்யட்டும்.

கழுவுதலும் துடைத்தலும்

வாரம் ஒருமுறை உலர்ந்த மென்துணியால் தூசி தட்டினால் போதும். கழுவ நேர்ந்தால், தொட்டியின் அடியில் மடித்த துண்டை விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் சில துளி மென்சோப்புத் திரவம் கலந்து, ஒரு கையால் கிண்ணத்தின் அடியைப் பிடித்துக்கொண்டு கழுவுங்கள். குழாயின் மூக்கில் விளிம்பு இடிப்பதே வீடுகளில் நடக்கும் மிகச் சாதாரணமான விபத்து. குளிர்ந்த கிண்ணத்தில் கொதிநீரையும், சூடான கிண்ணத்தில் குளிர்ந்த நீரையும் ஊற்ற வேண்டாம். கழுவியவுடன் துணியால் ஒற்றித் துடைத்து, விளிம்பை மட்டும் இன்னொரு முறை உலர்ந்த துணியால் சுற்றிப் பிடியுங்கள். தண்ணீர் கடைசியாகத் தங்குவது அங்கேதான், துரு முதலில் தொடங்குவதும் அங்கேதான்.

பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடக் கூடாது. அதன் சோப்புத்தூளில் உள்ள காரமும் நீடித்த சூடும் சேர்ந்து கண்ணாடியின் மேற்பரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கின்றன. ஒருமுறை போட்டால் ஒன்றும் தெரியாது. பலமுறை போட்ட பின் உட்புறம் பனிபடர்ந்ததுபோல் மங்கும். எலுமிச்சை, வினிகர், உப்புக்கறை நீக்கும் அமிலத் திரவங்கள் ஆகியவையும் அதே வேலையை வேறு வழியில் செய்பவை. இரும்பு நார், மணல் கலந்த தேய்ப்புப் பொடி ஆகியவற்றை நினைக்கவே வேண்டாம்: குவார்ட்ஸ் மணல் எனாமலைவிடக் கடினமானது.

உட்புறத்தில் சாம்பல் நிறக் கோடுகளைக் கண்டு பலர் கலங்குவார்கள். அவற்றில் பெரும்பாலானவை கீறல்களே அல்ல. எனாமல், அலுமினியக் கரண்டியைவிடக் கடினமானதாகையால், கரண்டியின் உலோகம் பென்சில் கோடுபோல் அதன்மேல் படிந்திருக்கிறது. நகத்தைக் கோட்டின் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தட்டாமல் சென்றால் அது படிவு. சமையல் சோடாவை இரண்டொரு துளித் தண்ணீரில் குழைத்து, விரல் நுனியால் அரை நிமிடம் மெதுவாகத் தேய்த்தால் அது வந்துவிடும். சோடா கண்ணாடியைவிட மிக மென்மையானது என்பதால் கவலையில்லை. நகம் தட்டினால் அது உண்மையான கீறல், அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

வெளிப்புறக் கறுப்பின் சிக்கல் வேறு. மங்கலான பரப்பில் கையின் எண்ணெய் பளபளக்கும் திட்டாகத் தங்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பரப்பு முழுவதையும் துடையுங்கள். ஓரிடத்தை மட்டும் அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் மெருகேறி நிரந்தரமாகத் தனித்துத் தெரியும். கறுப்பைப் 'புதுப்பிக்க' எண்ணெய் தடவும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். முதல் நாள் அழகாக இருக்கும். பிறகு தூசி ஒட்டிப் பிசுபிசுக்கும்.

சில்லு பெயர்ந்தால்

சில்லு விழுந்த அன்றே செய்ய வேண்டியது உலர்த்துவது மட்டும்தான். பெயர்ந்த துணுக்கு கிடைத்தால் ஒரு சிறு உறையில் இட்டு வையுங்கள், பழுதுபார்ப்பவருக்கு நிறத்தை ஒப்பிட உதவும். ஏற்கெனவே துரு இருந்தால், உதிரக்கூடிய தூளை மரப்பல்குச்சியின் நுனியால் மட்டும் அகற்றி, அசிட்டோன் தொட்ட பஞ்சால் எண்ணெய்ப்பசையைத் துடைத்து, காய்ந்த பின் அருங்காட்சியகங்களில் உலோகத்துக்குப் பயன்படுத்தும் நுண்படிக மெழுகை மிக மெல்லியதாகத் தடவி, மென்துணியால் மெருகிடுங்கள். காற்றின் ஈரம் எஃகைத் தொடாமலிருக்க இது போதும். ஆண்டுக்கு ஒருமுறையோ, கழுவும் ஒவ்வொரு முறைக்குப் பின்னுமோ மெழுகைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். துரு நீக்கும் அமிலத் திரவங்கள் சில்லோடு நிற்காமல் சுற்றியுள்ள எனாமலையும் தின்னும் என்பதால் அவை இங்கே உதவாது.

சில்லை மறைக்க வேண்டுமா என்பது உரிமையாளரின் விருப்பம். விளிம்பில் விழுந்தவற்றை நான் மறைப்பதில்லை. வெளிப்புறம் கறுப்பாக இருப்பதால் அவை விளிம்பின் கோட்டிலேயே கரைந்துவிடுகின்றன. உட்புறத்தில் மறைக்கத்தான் வேண்டுமென்றால், பின்னர் அசிட்டோனால் கரைத்து எடுக்கக்கூடிய அக்ரிலிக் பிசினில் நிறமியைக் குழைத்து, பள்ளத்துக்குள் மட்டும் நிரப்புங்கள், நல்ல எனாமலின்மேல் ஏறவிடாதீர்கள். இப்படித் தொட்டுச் சரிசெய்த கிண்ணத்தை விற்கும்போது அதை வாங்குபவரிடம் சொல்லிவிடுவது கடமை. மீண்டும் பூசிச் சூளையில் சுட்டுத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்க வேண்டாம். பழைய எனாமல் மறுபடி உருகும்போது நிறம் மாறலாம், மெல்லிய தகடு கோணலாகலாம். எல்லாம் நன்றாகவே நடந்தாலும் கையில் மிஞ்சுவது 1950-களின் மேற்பரப்பாக இருக்காது.

அனுப்பும்போதும் இடம்பெயரும்போதும்

இந்தக் கிண்ணங்கள் மிகுதியாக அடிபடுவது பயணத்தில்தான். முதலில் உட்குழியை மென்காகிதத்தால் விளிம்பு மட்டம் வரை நிரப்புங்கள். பிறகு விளிம்பைச் சுற்றிலும் மடித்த நுரைத்தாளைப் பட்டைபோல் சுற்றி, அதன்மேல் முழுக் கிண்ணத்தையும் பொதியுங்கள். கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துப் பொதிபவர்கள் உண்டு. அப்போது எடை முழுவதும் விளிம்பின்மேல் இறங்கும் என்பதால் நிமிர்ந்த நிலையிலேயே வையுங்கள். அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள், எல்லாப் பக்கமும் குறைந்தது 5 சென்டிமீட்டர் மெத்தை இருக்குமாறு இடுங்கள். மூடிய பின் இலேசாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது நகர்வதை உணர்ந்தால் திறந்து மறுபடி நிரப்புங்கள். வெளியே ஒட்டும் எச்சரிக்கைச் சீட்டில் 'உலோகக் கிண்ணம்' என்று எழுதினால் யாரும் கவனமாகத் தூக்க மாட்டார்கள்; 'கண்ணாடி' என்று எழுதுங்கள்.